சந்தனம் பூசிய சென்சார்

இந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவங்களைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'எங்கள் வெற்றிப் பாதை'. ஓய்வு பெற்றவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைப்பு. சால்வையை வைத்துக்கொண்டேன். தலைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எந்தப் பொடியை எந்தச் சூட்டில் ஆவியாக்குவது, படலம் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்ததுபோல் தலையாட்டத் தெரியும். இரண்டில் எது இருந்தாலும் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரை சொல்லும்போது, நிறுவனரும் சொல்லும்போது, வாசலில் கார் வந்து நிற்கும்போது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றி.

நான் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். வேதியியல் படித்துவிட்டு ஊர் ஊராகச் சாயத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தேன். எல்லாம் சுற்றி முடித்து வந்து சேர்ந்த இடம் மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி. நம் நிறுவனம் அங்கேதான் தொடங்கியது. மேலே தூசி ஒரு துகள்கூட நுழையக்கூடாத அறை. கீழே முகூர்த்த நாளில் அப்பளம் பொரியும். வாடகை குறைவு என்பதால் நிறுவனர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கேட்டவர்களிடம் 'மக்களோடு இருக்கும் அறிவியல்' என்று சொல்லிக்கொண்டார்.

நிறுவனரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவார். வெளிநாட்டில் படித்தவர், என் மகன் வயது, கெட்டவர் இல்லை. பேச ஆரம்பித்தால் தன் பேச்சைத் தானே நம்பிவிடுவார், அவ்வளவுதான். இப்போது வேறு ஊரில் வேறு நிறுவனம் நடத்துகிறார். அங்கேயும் வெற்றிப் பாதைதான் என்று கேள்வி.

நாங்கள் செய்தது இதுதான். மின்சாரம் கடத்தும் கரிமப் பொருட்கள் பெரும்பாலும் காற்றுப் பட்டதும் கெட்டுப்போகும். மூலக்கூறின் ஓரங்களில் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஃபுளோரினை உட்காரவைத்தால் காற்றையும் ஈரத்தையும் தாக்குப்பிடிக்கும். எங்களுடையது அப்படி ஒரு நீலப் பொடி. பார்ப்பதற்கு வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலம் மாதிரியே இருக்கும், விலையைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதைப் பிளாஸ்டிக் தாளின் மேல் மெல்லிய படலமாகப் படியவைப்போம். அம்மோனியா மாதிரி வாயு பட்டால் படலத்தில் ஓடும் மின்சாரம் மாறும். உடனே சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். இல்லையென்றால் பச்சை. அந்த நாட்களில் நிறுவனருக்கு எந்தக் கேள்விக்கும் ஃபுளோரின்தான் பதில். காபி இயந்திரம் ஒழுகினால்கூட அதற்குள் ஃபுளோரின் பூசலாமா என்று யோசிப்பார்.

முதல் சென்சாரை மாட்டிய இடம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் யார்டு. செங்கல் சூளைகளுக்கும் பாய்லர்களுக்கும் விற்பதற்காகப் பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்திருப்பார்கள். மழைக் காலத்தில் சரக்கெல்லாம் பெரிய தகர ஷெட்டுக்குள் போய்விடும். பழுப்பு நிலக்கரி பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டாம். மூடிக் கிடந்தால் தானாகவே உள்ளுக்குள் சூடேறிக் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்புவதில் ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது. கூடவே கொஞ்சம் அம்மோனியாவும் வரும். அதைப் பிடித்துவிட்டால் மற்றதும் வந்துவிட்டது என்று எச்சரித்துவிடலாம். எங்கள் கணக்கு அதுதான், கணக்கில் தப்பில்லை.

யார்டில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஷெட்டின் பெரிய கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி முடித்த பிறகுதான் உள்ளே போய்ச் சிதறிய கரியைக் கூட்டுவார்கள். அதற்குள் உள்ளே தேங்கிய வாயு வெளியேறிவிடும். அந்த டீதான் அங்கே பாதுகாப்பு விதி. யார்டு ஓனருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. எங்கள் சென்சார் வந்ததும் அவருக்குத்தான் முதல் லாபம். பச்சை எரிந்தால் உடனே உள்ளே போகலாம் என்று சொல்லி டீயை நிறுத்திவிட்டார். காற்றை அளக்கிறோம் என்று போய் நாங்கள் செய்த முதல் சாதனை காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் டீக்கு வேட்டு வைத்தது.

ஆரம்பத்தில் சென்சார் படாத பாடு படுத்தியது. லாரி வந்தால் குதிக்கும், மழை தூறினால் குதிக்கும், பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் சிவப்பு எரியும். திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிறுவனர் தூக்கம் இல்லாமல் திரிந்தார். அந்த நேரத்தில்தான் என் மகளுக்குப் பிரசவம். நான் விடுப்பில் கோயம்புத்தூர் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தீபாவளி முடிந்து, மழையும் பிடித்துக்கொண்டிருந்தது. லேபில் நுழைந்தால் சுவரில் ஒரு புதுப் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சாமி படமோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் சென்சாரின் கோடு. இடமிருந்து வலமாக, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது.

"எப்படி மேடம்?" என்றார் நிறுவனர். முகமெல்லாம் பல். "ஒரு மாசமா இப்படித்தான். ஆடல, அசங்கல. நாங்க கேக் வெட்டினோம், உங்களுக்குத்தான் இல்ல."

"என்ன மாத்தினீங்க?"

"ஒன்னுமே மாத்தல மேடம். படலம் செட்டாயிடுச்சு. அதான் ஃபுளோரின்."

"ஒன்னும் மாத்தாம எப்படிச் சரியாகும்? யாராவது யார்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு மேடம்? டேட்டாதான் போன்லயே வருதே."

உண்மைதான், டேட்டா போனில் வந்தது. யார்டுக்குப் போகும் வழி சேறு. எங்கள் பொறியாளர்கள் எல்லோரும் வெள்ளை ஷூ போடுகிறவர்கள். மறுநாள் சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், டெமோ யார்டிலேயே நடக்கும் என்றார். பச்சை விளக்கு எரிய எரிய ஒரு தொழிலாளி தைரியமாக ஷெட்டுக்குள் நடந்து போவார், அதை வீடியோ எடுப்பார்கள், அதற்குப் பின்னணி இசைகூடத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

எனக்கு அந்த நேர்க்கோடு பிடிக்கவில்லை. கரித் தூசி பறக்கிற, மழை கொட்டுகிற, லாரி போய்வருகிற இடத்தில் ஒரு கருவி மாதம் முழுக்க அசையாமல் இருந்தால் அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்பே ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போய்விட்டேன்.

ஷெட் வாசலில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. அங்கே கரி கூட்டும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அன்றைக்கு வீடியோவில் நடக்கப் போவது அவள்தான். அதற்காகக் கஞ்சி போட்ட புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"ஒரு மாசமாவே இப்பிடித்தாங்க மேடம். உள்ள போயி கொஞ்ச நேரம் கூட்டுனா தல கனத்துகினு வருது. போன வாரம் சரோஜா வாந்தி எடுத்துட்டு அப்பிடியே குந்திட்டா. வெறும் வயித்தோட வராதிங்கன்றாரு ஓனரு."

"மேஸ்திரிகிட்ட சொல்லலையா?"

"சொன்னோங்க. பச்ச எரிஞ்சிகினு இருக்குதே, உனுக்கு எப்பிடித் தல வலிக்கும்ன்னு கேக்கறாரு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு மனுஷி தலை வலிக்கிறது என்கிறாள். ஒரு பிளாஸ்டிக் பெட்டி வலிக்காது என்கிறது. ஒரு மாதமாக எல்லோரும் பெட்டி பக்கம் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் நாம்.

மேஸ்திரி கோவிந்தனைக் கூப்பிட்டு ஷெட்டின் சின்னக் கதவைத் திறக்கச் சொன்னேன். மழைக்காக இரண்டு நாளாக மூடியே கிடந்த ஷெட். கதவை ஒட்டி உள்பக்கம் ஒரு கொக்கியில் சென்சார் பெட்டி தொங்கியது. பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் முன்பக்கம், காற்று உள்ளே போவதற்காகச் சல்லடைத் துளைகள் வைத்திருப்போமே, அந்த இடத்தைக் காணோம். அங்கே மூன்று பட்டை விபூதி, விபூதிக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பெட்டியைச் சுற்றிக் காய்ந்துபோன செவ்வந்திச் சரம் வேறு.

"என்னங்க இது?"

"ஆயுத பூஜைக்குப் போட்டதுங்க மேடம்," என்றார் கோவிந்தன் பயபக்தியோடு. "லாரிக்கு, பெல்ட்டுக்கு, எடை மிஷினுக்கு, எல்லாத்துக்கும் வெச்சோம். இத மட்டும் வுட்டுட முடியுங்களா? புள்ளைங்க உசுர இதான காப்பாத்திகினு இருக்குது. அதான் அப்புறமும் வெள்ளிக்கெழமைன்னா கொஞ்சம் சந்தனம் வெச்சிகினு வரேன்."

சந்தனம், அதன் மேல் கரித் தூசி, அதன் மேல் அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தனம். சுவர் பூசியதுபோல் கெட்டியாக இறுகியிருந்தது. உள்ளே நம் நீலப் படலம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்திருக்கும். மாதம் முழுக்க அது முகர்ந்தது சந்தனத்தைத்தான்.

கோவிந்தனைத் திட்ட வாய் வரவில்லை. எங்கள் லேபில் மட்டும் என்ன வாழ்ந்தது? படலம் படியவைக்கும் வெளிநாட்டு இயந்திரத்துக்கு நிறுவனரே பட்டை போட்டு, பொரி கடலை வைத்து, கீழே வாசலில் பூசணிக்காய் உடைத்திருக்கிறார். கருவிக்குச் சந்தனம் வைப்பது இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். மூச்சுவிடத் துளை வைத்த ஒரு கருவியை இந்த ஊரிலேயே கொண்டுவந்து மாட்டுகிறவர்களுக்கு, ஆயுத பூஜை என்று ஒரு நாள் வரும் என்பது மட்டும் தோன்றவில்லை. அமிலத்தில் முக்கிப் பார்த்தார்கள், வெந்நீர் ஆவியில் காட்டிப் பார்த்தார்கள். சந்தனத்துக்கு ஒரு சோதனை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெட்டியைக் கழற்றக் கை நீட்டும்போது பின்னால் கார் சத்தம். நிறுவனர் இறங்கி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே முதலீட்டாளர்களின் கார் யார்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நடந்ததை அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். சந்தனத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதை நான் சொல்லியாக வேண்டும், அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், இப்ப அதைத் தொடாதீங்க. டெமோ முடியட்டும். ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள போயிட்டு வரப் போறாங்க. தினமும் போறவங்கதானே?"

"தினமும் போனதாலதான் தலை வலிக்குது. இன்னிக்கு ஷெட் ரெண்டு நாளா மூடிக் கிடந்திருக்கு."

"கதவுகிட்டயே நின்னு கையாட்டிட்டு வந்துடச் சொல்றேன். ப்ளீஸ். இவங்க இப்படியே திரும்பிப் போனா லேபை மூட வேண்டியதுதான். பசங்க அத்தனை பேரும் நல்ல வேலையை விட்டுட்டு வந்தவங்க. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளைகளை நான்தான் நேர்முகம் வைத்து எடுத்தேன். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. ஆனால் அஞ்சலை அதற்குள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். வீடியோ எடுப்பவர் அவளைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் அவ்வளவுதான் இருந்தது.

கொக்கியிலிருந்து பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு நடந்தேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். முதலீட்டாளர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஆர்வமாக வந்தார்கள். கடைக்காரர் அடுப்பிலிருந்து கனன்ற கரியை ஒரு இரும்புச் சட்டியில் வாங்கி, அதன் மேல் ஈரக்கரி ரெண்டு கட்டியைப் போட்டேன். புகை கண்ணைக் கரித்தது. அதற்கு மேலே பெட்டியைப் பிடித்தேன். எல்லோரும் இருமினார்கள். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

"ரொம்ப ஸ்டேபிள்," என்றார் முதலீட்டாளர்களில் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சல்லடைத் துளைகளில் இருந்த சந்தனத்தை நோண்டி எடுத்தேன். கட்டி கட்டியாக உதிர்ந்தது. நாலைந்து துளை திறந்ததுமே சிவப்பு எரிந்து மணி அலற ஆரம்பித்தது. அவர்கள் கைதட்டினார்கள். நம்பமாட்டீர்கள், நிறுவனரும் தட்டினார். "இதுதான் எங்கள் சென்சிட்டிவிட்டி," என்று விளக்கம்கூட ஆரம்பித்துவிட்டார்.

நான் பெட்டியோடு ஷெட்டுக்குத் திரும்பினேன். வழியில், நல்ல காற்றில், மணி ஓய்ந்து பச்சை வந்தது. கோவிந்தனிடம் ஒரு நீளக் கழி வாங்கி, பெட்டியை அதன் நுனியில் கட்டி, சின்னக் கதவு வழியாக உள்ளே நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு. மணி தகரக் கூரையில் மோதி யார்டு முழுக்கக் கேட்டது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கோவிந்தன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் நிறுவனரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப இத்தினி நாளா இன்னாத்த நம்பி சார் எங்கள உள்ள அனுப்பிகினு இருந்தீங்க?"

அவர் கோவிந்தன் பக்கம் திரும்பினார். பெரிய கதவுகளைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். காற்று வீசியது. டீ குடிக்கிற நேரம் எல்லோரும் வெளியே நின்றோம், யாரும் டீ குடிக்கவில்லை. மணி நின்றது. பச்சை எரிந்தது. நிறுவனருக்கு உயிர் வந்தது.

"இப்ப கரெக்டா இருக்கும்மா. பச்சை வந்துடுச்சு பாருங்க. இப்ப நீங்க போகலாம்," என்று வீடியோக்காரருக்குக் கை காட்டினார்.

அஞ்சலை துடைப்பத்தை அவரிடம் நீட்டினாள்.

"பச்சதானுங்களே எரியுது. மொதல்ல நீங்க போயிட்டு வாங்க சார்."

குரலில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி விடுகிறவள் மாதிரித்தான் சொன்னாள். நிறுவனர் விளக்கைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். முதலீட்டாளர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். போனில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். அந்தப் பச்சை விளக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு உண்மையைச் சொன்னது அப்போதுதான். அதைச் செய்தவர் அதை நம்பவில்லை.

துடைப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே போனேன். வீரம் எல்லாம் இல்லை, வாசலில் நின்று விளக்கை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். துளைகளைத் திறந்தது என் ஊக்குதான், மணி அடித்ததையும் ஓய்ந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான், அப்படியிருந்தும் பார்த்தேன். கடைசி மூலை வரை போய், ஒரு ஓரத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பினேன். அஞ்சலை என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டாள்.

முதலீட்டாளர்கள் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். லேப் எப்படியோ மூடாமல் தப்பியது, ஆனால் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்ணும் அதில் ஒருத்தி. அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு, தப்பு செய்தேன் என்ற எண்ணம் இல்லை. கோவிந்தனிடம் சந்தனத்தைப் பெட்டியின் பின்பக்கம் வைக்கும்படி சொன்னேன். அவர் மனம் நிறைந்து ஒப்புக்கொண்டார். யார்டு ஓனர் டீயைத் திருப்பிக் கொடுத்தார், அதுவும் ஏதோ தன் பெருந்தன்மை மாதிரி.

அடுத்த வாரம் உங்களில் ஒருவரைப் புதிய சென்சாரோடு அந்த யார்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். கோடு நேராக இருக்கிறது, படலம் காற்றுக்கும் ஈரத்துக்கும் அசையாது, ஃபுளோரின் அப்படி, ஃபுளோரின் இப்படி என்று அங்கே போய் விளக்க வேண்டாம். அஞ்சலை இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். விளக்கம் முடிகிறவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு துடைப்பத்தை உங்களிடம் நீட்டுவாள்.